பிரிக்காத சாரம்: வீடியோ கேம்களுக்குள் ஒளிந்து கிடப்பவை

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு டிவி கேம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஓர் அரையாண்டுப் பரீட்சை லீவில். மஞ்சள் நிறக் கேசட்டின் அடிப்பக்கத்தை வாயால் ஊதிச் செருகி, சுவிட்சைப் போட்டால் திரையில் ஒரு பட்டியல் விரியும். எண், எண்ணுக்கு எதிரே ஆட்டத்தின் பெயர். அட்டையில் நூறு ஆட்டம் என்று போட்டிருக்கும். உருப்படியாகப் பத்தோ பன்னிரண்டோதான் திரும்பத் திரும்ப வரும். கான்ட்ரா மட்டும் ஏழெட்டு வரிகளில் இருக்கும். வீட்டுக்காரப் பையன் எங்களைவிட இரண்டு வயது மூத்தவன். "ஏ, மொதல்ல இருக்கறதத் தொடாத, அதுல மூணு உசுருதான். கீழ வா, கீழ வா... ம், இதப் போடு. முப்பது உசுரு" என்பான். இன்னொரு வரியைத் தட்டினால் ஆட்டம் காட்டில் தொடங்காது. நேராக ஐந்தாம் கட்டத்துப் பனி மைதானத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஒரே ஆட்டத்தைப் பல பெயரில் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று அவன் அப்பா கடைக்காரரைத் திட்டுவார். எங்களுக்கோ அந்த ஏழெட்டு வரியும் ஏழெட்டுப் புதையல்.

சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பட்டியல் என்னவென்று எனக்கு விளங்கியது. ஆட்டத்தைச் செய்கிறவர்கள் தங்கள் வசதிக்காக உள்ளே வைத்துக்கொள்ளும் சோதனைக் கருவி ஒன்று உண்டு. டீபக் மெனு என்பார்கள். எட்டாம் கட்டத்தில் ஒரு பிழை இருக்கிறது என்றால், அதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் முதல் ஏழு கட்டங்களை விளையாடிக்கொண்டிருக்க முடியாது. நினைத்த கட்டத்துக்குத் தாவ வேண்டும், சாகாமல் இருக்க வேண்டும், சுவருக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். அதற்கான சாவிகளைச் செய்து வைத்துக்கொண்டு, ஆட்டம் கடைக்குப் போகும் முன் பூட்டிவிடுவார்கள். எங்கள் மஞ்சள் கேசட்டைச் செய்தவர்கள், அந்த மூல ஆட்டத்தின் உள்ளே கைவிட்டு, பூட்டியிருந்ததைத் திறந்தும், இல்லாததைச் சேர்த்தும், சோதனைக்காரரின் பட்டியலையே முகப்பில் வைத்துவிட்டார்கள்.

அது எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்கள்தான் தைவான் சில்லுகளோடு உலகெங்கும் பரவின. இந்தியாவில் மீடியா கம்பெனியின் 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெயர்களில் வந்தன. எங்கள் பக்கம் பெயரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, டிவி கேம் என்றால் டிவி கேம். அந்தக் கருவியின் வேலை நினைவகம் இரண்டு கிலோபைட், அதாவது 2048 பைட். எத்தனை உயிர், எந்தக் கட்டம், கையில் எந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் அந்த 2048 அறைகளில் ஏதாவது ஒன்றில் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கும். எந்த அறை என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். பட்டியலில் நாம் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்ததும் அந்த அறையில் வேண்டிய எண்ணை வைத்துவிட்டு, பிறகு ஆட்டத்தை ஓடவிடலாம். மாரியோவும் அப்படித்தான் எந்த உலகத்தில் வேண்டுமானாலும் தொடங்கியது. 'கான்ட்ரா ஃபங்ஷன் 16' என்ற பெயரிலேயே ஒரு 100-இன்-1 கேசட் உலகம் சுற்றியிருக்கிறது. காப்புரிமைக்காரர் பார்வையில் அது திருட்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு வீடியோ கேமின் முன்வாசலாக இருந்ததே அந்தப் பின்வாசல்தான். இந்தப் பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம்.

முப்பது உயிரின் பிறப்பு ஒரு சோதனைக்காரரின் மேசையில். கசுஹிசா ஹஷிமோட்டோ கொனாமி நிறுவனத்தில் நிரலாளர். கிரேடியஸ் என்ற விண்கப்பல் ஆட்டத்தை 1986இல் ஃபேமிகாமுக்கு மாற்றும் பொறுப்பு அவருடையது. ஆட்டம் அவருக்கே கஷ்டமாக இருந்தது. முழுக்க விளையாடிச் சோதிக்க அவரால் முடியவில்லை. ஆகவே மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று பொத்தான்களை அமுக்கினால் எல்லாச் சக்தியும் கப்பலுக்கு வந்துவிடும்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். கடைக்குப் போவதற்கு முன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதே பொத்தான் வரிசையை 1988இன் கான்ட்ராவில் கொனாமி வைத்தபோது அது முப்பது உயிர் ஆனது. ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார். அன்று உலகம் முழுவதும் அவருக்கு அஞ்சலியாக எழுதப்பட்டது அந்தப் பத்துப் பொத்தான்களின் பெயர்தான்.

ஏன் எடுக்காமல் விடுகிறார்கள் என்பதுதான் இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி. கொத்தனார் வேலையில் சாரம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சவுக்குக் கம்பைச் சுவரில் செருகிக் கட்டி, ஏறி நின்று பூசி, பூச்சு முடிந்ததும் பிரித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோவார்கள். கம்பு செருகிய துளையை அடைத்துவிட்டால் தடமே தெரியாது. நிரலில் அப்படிப் பிரிக்க முடியாது. பழைய எட்டு பிட் ஆட்டங்களில் ஒவ்வொரு கட்டளையும் இன்ன முகவரியில் இருக்கிறது என்ற கணக்கில் மற்றவை அதைத் தேடி வரும். நடுவிலிருந்து ஐம்பது பைட்டை உருவினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் இடம் நகரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று வேறெங்கோ விழும். கடைசி வாரத்தில் அந்த வம்பை யார் விலைக்கு வாங்குவார்கள்? கதவை எடுக்காமல் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சில்லு அச்சானதும் அதை யாராலும் திருத்த முடியாது. சாரத்தோடு சேர்த்துப் பூசிய சுவர்தான் மிச்சம். நான் வேலை செய்த இடங்களிலும், 'அடுத்த வெளியீட்டில் நீக்கிவிடலாம்' என்ற குறிப்போடு பத்து வருடம் கிடந்த நிரல் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப் பூட்டியதில் மிக அழகானது சேகாவின் சானிக். 1992 நவம்பர் 24 அன்று மேற்கு நாடுகளில் வெளியான இரண்டாம் சானிக்கில், ஒலிச் சோதனைப் பக்கம் என்று ஒன்று உண்டு. ஆட்டத்தில் வரும் பாட்டுகளை எண் போட்டுக் கேட்கலாம். 19, 65, 9, 17 என்ற எண்களை அந்த வரிசையில் ஒலிக்கவிட்டால் எந்தக் கட்டத்துக்கும் தாவும் வழி திறக்கும். நிரலாளர் யூஜி நாகா பிறந்த நாள் 1965 செப்டம்பர் 17. அதற்கு அடுத்து 1, 9, 9, 2, 1, 1, 2, 4 என்று ஆட்டம் வெளியான தேதியை ஒலிக்கவிட்டால் சோதனை நிலையே திறந்துகொள்ளும். அப்போது பி பொத்தானை அமுக்கினால் சானிக் மறைந்து அந்த இடத்தில் ஒரு வளையம் மிதக்கும். வளையத்தைச் சுவருக்குள், தரைக்கு அடியில், வானத்துக்கு மேலே, எங்கும் ஓட்டிக்கொண்டு போகலாம். வேண்டிய இடத்தில் பொறியும் பகைவனும் நட்டு வைக்கலாம். மூலையில் மதிப்பெண் இருந்த இடத்தில் சானிக் நிற்கும் இடத்தின் ஆய எண்கள் ஓடும். இதை முதலில் நான் கணினியில் போலிக் கருவி வைத்துப் பார்த்தபோது எனக்கு நேர்ந்ததை அப்படியே சொல்கிறேன்: நான் விளையாடவில்லை. ஒரு மணி நேரம் அந்த வளையத்தை ஓட்டிக்கொண்டு கட்டத்தின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை எங்கே முடிகிறது, முடிந்த இடத்துக்கு அப்பால் என்ன வரைந்திருக்கிறார்கள், எதை வரையாமல் விட்டார்கள் என்று.

அதே ஆட்டத்தில் ஒலிச் சோதனையின் 10 என்ற எண்ணில் ஒரு பாட்டு இருந்தது. ஆட்டத்தில் எங்கும் அது ஒலிக்காது. யாருக்காக அமைத்த பாட்டு? 'ஹிடன் பேலஸ்' என்று ஒரு கட்டம் பாதி செய்யப்பட்டு, நேரம் போதாமல் கைவிடப்பட்டிருந்தது. வெளியீட்டுக்கு முந்தைய ஒரு சோதனைப் பிரதி 1999இல் இணையத்தில் கிடைத்தபோது, அந்தக் கட்டம் எப்படி இருந்தது என்பதை ரசிகர்கள் கண்ணால் பார்த்தார்கள். 2013இல் கைபேசிக்காக ஆட்டத்தைப் புதிதாக எழுதிய கிறிஸ்டியன் வைட்ஹெட், சைமன் தாம்லி இருவரும் ரசிகர் வட்டத்திலிருந்தே வந்தவர்கள். இருபத்தொரு வருடம் கழித்து அந்த அரண்மனையைக் கட்டி முடித்தார்கள்.

கட்டி முடிக்காதது எவ்வளவு சொல்லும் என்பதற்கு எங்கள் ஊருக்குத் தெற்கே கழுகுமலையில் ஒரு சாட்சி நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். மலையைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவில் நின்ற ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானத்தில் உமையும் சிவனும் கணங்களும் கண் கூசும் அளவுக்கு நுட்பமாக இருக்க, அடிப்பகுதி உளி படாத பாறையாக அப்படியே இருக்கிறது. முடித்திருந்தால் அழகான ஒரு கோயில் நமக்குக் கிடைத்திருக்கும். முடிக்காததால் ஒற்றைக்கல் கோயில் எப்படிச் செய்வது என்ற பாடமும் சேர்ந்து கிடைத்திருக்கிறது: எங்கே தொடங்கினார்கள், எந்த அளவுக்குத் தோராயமாக வெட்டிக்கொண்டு பிறகு நுண்வேலைக்குப் போனார்கள் என்று எல்லாமே அங்கே தெரியும். பயன்படாமல் விட்ட கட்டங்களையும் பாட்டுகளையும் தேடுகிறவர்களை வெட்டி வேலைக்காரர்கள் என்று சொல்கிறவர்களை நான் கழுகுமலைக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன்.

தேடுகிற முறையும் சொல்லத்தக்கது. கேசட்டில் இருக்கும் சில்லை அதற்கான கருவியில் பொருத்தி, உள்ளே இருப்பதைக் கணினிக்கு ஒரே கோப்பாக எடுத்துக்கொள்வார்கள். முதல் மாரியோ மொத்தமே 40 கிலோபைட். நாம் இன்று அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் படத்தைவிடச் சிறியது. அதில் 32 நிரலுக்கு, 8 படத்துக்கு. படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஓடுகளாக, மொத்தம் 512 ஓடுகளாக இருக்கும். ஓடுகளைத் திரையில் பரப்பிக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. அப்படிப் பரப்பிப் பார்த்தால், மாரியோவின் மேகமும் புதரும் ஒரே ஓடுகள்தான், நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது உடனே கண்ணில் படும். அப்புறம் ஒவ்வோர் ஓடாக, இது ஆட்டத்தில் எங்கே வருகிறது என்று தேட வேண்டும். நிரலின் எந்த மூலையிலிருந்தும் யாரும் கூப்பிடாத ஓர் ஓடு இருந்தால் அதுதான் மீந்தது. பாட்டுக்கும் எழுத்துக்கும் இதே வழிதான். பொறுமைதான் மூலதனம்.

மீந்த இடம்கூடச் சில சமயம் பயிர் விளைக்கும். 1996இல் போகிமான் முதல் ஆட்டங்கள் ஜப்பானில் வெளிவர இருந்த நேரத்தில், சோதனைக் கருவிகளை உண்மையிலேயே பிரித்து எடுத்தார்கள். எடுத்த பிறகு சில்லில் 300 பைட் அளவுக்கு இடம் மிஞ்சியது. நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ, இனி எதையும் தொடக்கூடாது என்ற கட்டத்தில், அந்த இடத்தில் மியூ என்ற ஒரு குட்டி உயிரைச் செருகிவிட்டார். யாரும் பிடிக்க முடியாதபடிதான் வைத்தார். ஆனால் ஆட்டத்தில் இருந்த வேறொரு பிழை வழியாக மியூ சிலருக்குத் தலைகாட்டிவிட, ஊரெல்லாம் பேச்சாயிற்று. பிறகு நிறுவனமே ஒரு பத்திரிகை வழியாக இருபது பேருக்கு மியூவைத் தருகிறோம் என்று அறிவித்தபோது 78,000 பேர் எழுதிப் போட்டார்கள். சாரம் பிரித்த துளையில் முளைத்த அரசங்கன்று அது.

மார்ட்டல் கோம்பாட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். 1992இல் வந்த அந்தச் சண்டை ஆட்டத்தின் பெரிய எந்திரங்களில், கடைக்காரர் பார்ப்பதற்கென்று ஒரு கணக்குப் பக்கம் இருந்தது. அதில் 'எர்மாக்ஸ்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஓர் எண். பிழை நேர்ந்தால் எண்ணுவதற்காக நிரலாளர் எட் பூன் வைத்த குறி அது. ஆங்கிலத்தில் பிழை என்பதையும் நிரல் துணுக்கு என்பதையும் சேர்த்துச் சுருக்கிய சொல். பார்த்த பையன்கள் அது ஒளிந்திருக்கும் ஒரு வீரனின் பெயர் என்று முடிவு கட்டினார்கள். சிவப்பு உடுப்பு, தோற்கடிக்க இன்னின்ன செய்ய வேண்டும் என்று கதை வளர்ந்தது. கடைசியில் 1995இல் வந்த அல்டிமேட் மார்ட்டல் கோம்பாட் 3இல் எர்மாக் என்ற வீரனைச் செய்தவர்களே சேர்த்தார்கள். ஒரு பிழைக் கணக்கு, ரசிகர்களின் நம்பிக்கையால் உடம்பெடுத்து நடந்து வந்தது.

கருவியும் கைவிட்ட துண்டும் போக, மூன்றாவதாக ஒன்று உண்டு. எனக்கு நெருக்கமானது அதுதான்: பெயர். எழுபதுகளின் இறுதியில் அட்டாரி நிறுவனம் ஆட்டம் செய்தவர்களின் பெயரை அட்டையிலோ திரையிலோ போடாது. அந்த மனக்கசப்பில் சிலர் வெளியேறி 1979இல் ஆக்டிவிஷன் தொடங்கினார்கள். வாரன் ராபினெட் வேறொன்று செய்தார். 'அட்வெஞ்சர்' என்ற தன் ஆட்டத்தில், பின்னணி நிறத்திலேயே ஒற்றைப் புள்ளி ஒன்றை ஒளித்து வைத்தார். அந்தப் புள்ளியைத் தேடி எடுத்து ஒரு குறிப்பிட்ட சுவர் வரை சுமந்து போனால் உள்ளே ஓர் அறை. அதில் நிறம் மாறி மாறி மின்னும் எழுத்தில் 'ஆக்கியவர் வாரன் ராபினெட்' என்று இருக்கும். சக ஊழியர்களிடம்கூட அவர் சொல்லவில்லை. சால்ட் லேக் சிட்டியிலிருந்து பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கண்டுபிடித்து 1980இல் நிறுவனத்துக்குக் கடிதம் போட்டபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். மேலாளர் ஸ்டீவ் ரைட், ஈஸ்டர் பண்டிகையில் குழந்தைகள் தேடும் முட்டை மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். 'ஈஸ்டர் எக்' என்ற பெயர் அப்படி வந்தது. அதற்கும் முந்தைய 1977ஆம் ஆண்டு ஆட்டம் ஒன்றில், 'ஹை ரான்' என்று ரான் மில்னர் ஒளித்து வைத்த வாழ்த்து நாற்பது வருடம் கழித்து 2017இல்தான் வெளியே வந்தது.

எங்கள் ஊரை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன். சங்கப் புலவர்களில் பலருக்குப் பெயர் இல்லை. பாட்டில் வரும் ஓர் உவமையையே பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்பதுபோல் அழைக்கிறோம். ஆனால் தங்கால் பொற்கொல்லனார் என்று ஊரும் தொழிலும் சேர்ந்து ஒரு பெயர் தப்பி வந்திருக்கிறது. அந்தத் தங்கால்தான் இன்றைய திருத்தங்கல் என்பார்கள். தட்டார் வேலை செய்த ஒருவர் என்று ஈராயிரம் வருடம் கழித்தும் நாம் அறிகிறோம். அதே மண்ணில் சென்ற நூற்றாண்டில் தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் காலண்டர் படமும் வரைந்த எத்தனையோ கைகளுக்குப் பெயர் இல்லை.

சிவகாசி அச்சகத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மிஷின் ஓடத் தொடங்கியதும் முதலில் வரும் தாள்களில் நிறம் ஒன்றோடொன்று சேராது. அம்மனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குத் தள்ளி விழுந்திருக்கும். தாளின் நான்கு ஓரத்திலும் கூட்டல் குறிபோல் அடையாளம் இருக்கும். நாலு நிறத்தின் குறியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் ரெஜிஸ்டர் சேர்ந்தது என்று பொருள். ஓரத்தில் ஒரு வண்ணப் பட்டையும் இருக்கும், மை சரியாக விழுகிறதா என்று பார்க்க. இவைதான் அச்சுக்காரரின் டீபக் மெனு. கட்டிங் மிஷினில் ஓரம் போய்விடும். சேராத தாள்கள் கழிவுக் கட்டில் போகும். அந்தக் கழிவுத் தாளும் பழைய பேப்பரும் பட்டாசுக் குழாய் சுற்றப் போவதுண்டு. தீபாவளிக் காலையில் தெருவில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கிப் படிப்பது எனக்குச் சின்ன வயதில் ஒரு பழக்கம். சிவப்புத் தாளுக்கு உள்ளே யாரோ ஒருவரின் பரீட்சை விடை, ஏதோ ஒரு காலண்டரின் பாதிக் கண், சோப்பு லேபிளின் கால் எழுத்து. வெடித்தால்தான் தெரியும் உள்ளே என்ன சுற்றியிருந்தார்கள் என்று.

கல்லச்சுக் காலத்தில் இழப்பு இன்னும் முழுமையானது. படம் வரைந்த சுண்ணாம்புக் கல்லை வேலை முடிந்ததும் தேய்த்துச் சமமாக்கி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்ன லேபிள், பாதியில் நின்ற படம் எல்லாம் அந்தத் தேய்ப்பில் கரைந்துவிட்டது. விளையாட்டுச் சில்லைத் தேய்க்க முடியாது. அதனால்தான் ஜப்பானில் யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு மேகத்தை நாம் இன்று பார்க்கிறோம். சிவகாசியில் ஒதுக்கப்பட்ட ஒரு மயில் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. இந்த வருத்தத்தோடுதான் நான் அந்தத் தேடல்காரர்களைப் பார்க்கிறேன்.

எல்லா மறைவும் இப்படி மென்மையானதல்ல. 2005இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கணினிக்கு வந்தது. சிவகாசி பிரவுசிங் சென்டர்களில் நாங்கள் 'ஹெசோயாம்', 'ஏசாக்மி', 'பாகுவிக்ஸ்' என்று மந்திரம்போல் ஒப்பித்துத் தட்டிய ஆட்டம் அதுதான். தட்டினால் பணம், உயிர், கவசம். போலீஸ் தொல்லை கிடையாது. அந்தச் சொற்களுக்கு ஏன் பொருளே இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டம் அந்தச் சொல்லை வைத்திருக்கவில்லை. சொல்லிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணை மட்டும் வைத்திருந்தது. வெளியில் இருந்தவர்கள் கணினியை விட்டு எழுத்துக் கோர்வைகளைக் கோடிக்கணக்கில் போட்டுப் பார்த்து, அதே எண்ணைத் தரும் ஏதோ ஒரு கோர்வையைப் பிடித்தார்கள். செய்தவர்கள் மனதில் 'எனக்குக் கொஞ்சம் உதவி வேண்டும்' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்றொடர் இருந்த இடத்தில், நாங்கள் ஹெசோயாமைப் போட்டுக்கொண்டிருந்தோம். பூட்டுக்கு உரிய சாவி இல்லை, ஆனாலும் திறந்தது.

அதே ஆட்டத்தில், செய்து முடித்துப் பிறகு வேண்டாம் என்று தீர்மானித்த ஒரு படுக்கையறைக் காட்சியும் இருந்தது. அழிக்கவில்லை, எட்டாதபடி பூட்டியிருந்தார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் வில்டன்போர்க் அதைத் திறக்கும் வழியை வெளியிட்டார். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு 2005 ஜூலையில் ஆட்டத்தை வயது வந்தோருக்கு மட்டும் என்று மாற்ற, பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன. ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கே அனுமதி போயிற்று. அதற்குப் பின், வட்டில் பூட்டிக் கிடப்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும் என்பது விதியானது. எனக்கு இதில் நிறுவனத்தின்மேல்தான் குறை. சாரத்தை விட்டுவைப்பது வேறு, குழந்தைகள் நடமாடும் வீட்டில் இடிந்த கிணற்றைப் பலகை போட்டு மூடுவது வேறு.

2012இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் வந்தபோது எழுந்தது வேறு வகைக் கோபம். பன்னிரண்டு வீரர்கள் வட்டிலேயே முழுதாக இருந்தார்கள். திறக்கத் தனியாகப் பணம் கேட்டது கேப்காம். மீந்தது என்று இதைச் சொல்ல முடியாது. விற்பதற்காகவே பூட்டியது. இன்று கைபேசி ஆட்டங்களில் நடப்பதும் இதன் தொடர்ச்சிதான். அடுத்த மாதம் வரப்போகும் உடையும் துப்பாக்கியும் இந்த மாதப் புதுப்பிப்பிலேயே இறங்கிவிடுகின்றன. கோப்பைப் பிரித்துப் பார்த்து 'லீக்' என்று தமிழில் வீடியோ போடும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் திறமையை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கண்டுபிடிப்பது நாளைய விளம்பரம். நேற்றைய கையின் தடத்தைத் தேடும் பொறுமைக்கு அது ஈடாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற ஒரு கணினி நிரல் எப்படி இயங்குகிறது, அதன் அடிப்படை என்ன என்று அறிவதற்காக அதை ஓட்டிக் கவனிப்பதையும் ஆராய்வதையும் சோதிப்பதையும் மீறலாகக் கருதுவதில்லை. பிரதி எடுத்து ஊருக்கு வழங்குவது வேறு. அமெரிக்காவில் பழைய ஆட்டங்களில் நூற்றுக்கு 87 கடையில் வாங்கவே கிடைக்காத நிலையில் இருக்கின்றன என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்குச் சொன்னது. முழு ஆட்டத்துக்கே அந்த நிலை என்றால், அதற்குள் மீந்ததன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஓர் உதாரணம்: நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் 2017இல் ஒரு விஷயம் தெரியவந்தது. அந்நிறுவனத் தலைவராக இருந்து மறைந்த சடோரு இவாடா இளைஞராக நிரல் எழுதிய 1984ஆம் ஆண்டு கோல்ஃப் ஆட்டம் அதற்குள் ஒளிந்திருந்தது. அவர் இறந்த ஜூலை 11ஆம் தேதியன்று, அவர் வழக்கமாகக் காட்டும் கைச்சைகையை இரு கைக் கருவிகளாலும் செய்தால் மட்டுமே திறக்கும். யாரோ ஊழியர்கள் தங்கள் தலைவருக்கு வைத்த படையல். அடுத்து வந்த ஒரு புதுப்பிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இணையம் வழியே சாரத்தை எந்நேரமும் பிரித்துவிட முடிகிற காலம் இது. பழைய சில்லில் அது நடக்காது.

தமிழர் செய்த ஆட்டங்களுக்கு இப்போதுதான் காலம் கனிந்திருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டில் வரிகள் அழிந்து போயிருக்கும். அழிந்ததை ஊகித்து இட்லி ஊற்ற வேண்டும், பிரியாணி செய்ய வேண்டும். அதற்கு 2024இல் பாஃப்டா விருது கிடைத்தது. அந்த ஆட்டத்துக்காக வரைந்து வேண்டாமென்று வைத்த பாத்திரங்கள், எழுதி வெட்டிய உரையாடல்கள் எங்காவது ஒரு கோப்பில் இருக்கும் என்று நம்புகிறேன். சென்னையிலும் கோவையிலும் கொழும்பிலும் இன்று ஆட்டம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்குவதை அழிக்காமல் தேதி போட்டு, வரைந்தவர் பெயர் போட்டு எடுத்து வைக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அந்த மூத்த பையன், இப்போது பைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன், பரணிலிருந்து மஞ்சள் கேசட்டை எடுத்துக் கொடுத்தார். திருப்புளி போட்டுத் திறந்தோம். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, நடுவில் கறுப்புப் பிசின் பொட்டு. பொட்டுக்கு அடியில்தான் சில்லு. பலகையின் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்து, நான் கொண்டுபோயிருந்த கருவியில் செருகினேன். இரண்டு முறை ஒன்றும் வரவில்லை. மூன்றாம் முறை வந்தது.

ஓடுகளைப் பரப்பியதும் முதலில் பட்டியலின் எழுத்துகள் தெரிந்தன. பிறகு பட்டியலின் நிரலைத் தேடினேன். வரிக்கு வரி, எந்த ஆட்டம், எங்கே தாவ வேண்டும், எந்த எண்ணை வைக்க வேண்டும் என்று சின்னச் சின்னக் கோர்வைகள். கான்ட்ராவின் வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக: 02, 02, 02. மூன்று உயிர் என்றால் கையில் ஒன்று, இருப்பில் இரண்டு. அதற்குக் கீழே ஒரு வரியில் மட்டும் 1டி என்று இருந்தது. பதினாறின் அடிக்கணக்கில் அது இருபத்தொன்பது.

"இதுதாண்ணே" என்று திரையைத் தொட்டுக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஒண்ணு கொறையுதே?" என்றார்.

"கையில இருக்கறதச் சேத்துக்கங்க."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிதான், முப்பது" என்றார்.